நீலம் வெளுக்கும் நொதிகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜீன்ஸ் சலவையைப் பற்றி இரண்டு பத்தி எழுதி, கல்லும் ஜாவெல் என்னும் வெளுப்பு நீரும் இல்லாமலேயே நீலத்தை வெளுக்கச் செய்யும் நொதிகள் இருக்கின்றன என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. மொரிசியசில் ஓர் ஆடை ஆலையின் சலவைப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்த அளவுக்குப் பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: கேத்ர் போர்ன் சந்தையில் ஜீன்ஸ் விற்கிறேன். சில கால்சட்டைகளில் ‘என்சைம் வாஷ்’ என்று அட்டை தொங்குகிறது. கிருமிகளை விட்டுத் துணியைத் தின்ன வைக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். உண்மையா? (ஒரு வாசகர், கேத்ர் போர்ன்)*

பாதி உண்மை. நொதிக்கு உயிர் கிடையாது. நுண்ணுயிர்கள் தம் உணவைச் செரிப்பதற்காகச் சுரக்கும் புரதமே நொதி. உறைமோரில் உயிர் இருக்கிறது. சோற்றை மெல்ல மெல்ல இனிக்கச் செய்யும் நம் உமிழ்நீர்ப் பொருளுக்கு உயிர் இல்லை. சலவை ஆலைக்குப் பீப்பாயில் வருவது இந்த இரண்டாவது வகை.

அது துணியில் என்ன செய்கிறது என்று புரிய, ஜீன்ஸ் துணியான டெனிம் எப்படி நெய்யப்படுகிறது என்பதை அறிய வேண்டும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. மூன்று பாவு இழைகளின் அடியில் சென்று ஓரிழைக்கு மேல் வரும்படி ஊடை கோக்கப்படுவதால் முன்பக்கம் நீலமாகவும் பின்பக்கம் வெளிறியும் தெரிகிறது. அந்த நீலம் இண்டிகோ, அதாவது நம் முன்னோர் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே சாயம். 1897 முதல் அது ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. (லா பூர்தொனே ஆளுநராக இருந்த காலத்தில் இந்தத் தீவிலேயே அவுரி பயிரிட முயன்றார்கள் என்பதையும், அவர் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்பதையும் நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.) இண்டிகோவுக்கு ஒரு குணம் உண்டு: நீரில் கரையாது. அதை வேதிப்பொருளால் ஒடுக்கி மஞ்சள்பச்சைக் கரைசலாக்கி, நூலை முக்கியெடுத்துக் காற்றில் காட்டினால்தான் மீண்டும் நீலமாகி நூலில் தங்கும். பருத்தியின் மேல் அதற்குப் பற்று குறைவு என்பதால் பலமுறை முக்கினாலும் சாயம் நூலின் உள்ளே போகாமல் வெளிவட்டத்திலேயே நின்றுவிடுகிறது. நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், தோல் சீவாமல் வட்டமாக நறுக்கிய வெள்ளரிப் பிஞ்சு போல, ஓரத்தில் மட்டும் நிறமும் நடுவில் வெள்ளையும் தெரியும். ஜீன்ஸை வெளுப்பது என்பது அந்தத் தோலைச் சீவுவதுதான்.

முன்பு அதைக் கல் சீவியது. துணியின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நுரைக்கல்லை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுவோம். எரிமலைத் தீவில் வாழ்ந்துகொண்டு எரிமலைக் கல்லைக் கப்பலில் வரவழைத்தோம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் நம் கருங்கல் கனத்தது, மிதக்கும் நுரைக்கல்லின் வேலைக்கு அது உதவாது. சலவை முடிந்த பிறகு நான்கைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்து, உள்ளே சிக்கிய கற்களையும் குழைந்த மணலையும் விரலால் தோண்டி எடுப்பார்கள். நாள் முடிவில் அவர்கள் நகக்கண்கள் நீலமாகவும் சாம்பலாகவும் இருக்கும். வடிகால் மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும்.

செல்லுலேஸ் என்ற நொதி அந்தக் கல்லின் இடத்தைப் பிடித்தது. பருத்தி என்பது செல்லுலோஸ். அந்த நீண்ட சங்கிலியை வெட்டுவதே செல்லுலேஸின் தொழில். நொதி மூலக்கூறு பெரியது, நூலின் உள்ளே எளிதில் நுழையாது. மேற்பரப்பில் துருத்தி நிற்கும் நுண்ணிழைகளையே நறுக்கித் தளர்த்துகிறது. இயந்திரம் சுழலும்போது துணியோடு துணி உரசி, தளர்ந்த இழைகள் தம்மேல் ஒட்டிய நீலத்தோடு சேர்ந்து உதிர்கின்றன. ஆகவே உங்கள் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கிருமி இல்லை, ஆனால் துணியின் மேல்தோல் கொஞ்சம் தின்னப்படுவது மெய்.

இந்த நொதியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுப் பகுதியில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் ஈரத்தில் மக்கி இற்றுப்போயின. காரணத்தைத் தேடியவர்கள் கூடாரத் துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு நேட்டிக் நகரப் படை ஆய்வுக்கூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ஆகியோர் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். 1977இல் ரீஸின் பெயராலேயே அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் சூட்டப்பட்டது. கூடாரத்தைக் கெடுத்த பூஞ்சைதான் இன்று கால்சட்டையை அழகுபடுத்தும் நொதியைத் தருகிறது.

*கேள்வி: வாக்குவாவில் சிறிய சலவைக் கூடம் வைத்திருக்கிறேன், இரண்டு இயந்திரங்கள். நொதியைப் பயன்படுத்திப் பார்த்தேன், ஒரு தடவை நன்றாக வருகிறது, மறு தடவை வெளுக்கவே இல்லை. எங்கே தவறு? (ஒரு வாசகர், வாக்குவா)*

அநேகமாகத் தவறு நொதியில் இருக்காது, அதற்கு முந்தைய படியில் இருக்கும். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அந்த மாவுப் பூச்சு முழுமையாக நீங்காவிட்டால் செல்லுலேஸ் நூலை எட்டாது, துணியும் விறைத்து மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கஞ்சி நீக்கவும் ஒரு நொதி இருக்கிறது, அமிலேஸ். பெரும்பாலான சரக்குகள் 60 முதல் 70 பாகை வெப்பத்தில், ஏறக்குறைய நடுநிலை நீரில் நன்றாக வேலை செய்யும். கஞ்சி போனதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. துணியை அலசி, மடிப்போரத்தைத் திருப்பி, வெள்ளையான பின்பக்கத்தில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமோ ஊதாவோ பரவினால் மாவு இன்னும் இருக்கிறது. அயோடினின் பழுப்பு மஞ்சளாகவே நின்றால் போய்விட்டது. நீலத் துணியில் இதைச் சோதிப்பது குழப்பும் என்பதால்தான் பின்பக்கத்தைச் சொன்னேன். பையின் உட்துணியில் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் வேறு கஞ்சி இருக்கலாம்.

அடுத்தது அமில-காரநிலை. செல்லுலேஸில் இரண்டு வகை பெருவழக்கில் இருக்கின்றன. அமில வகைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை, நடுநிலை வகைக்கு 6 முதல் 7 வரை வேண்டும். இரண்டுக்கும் வெப்பம் 50 முதல் 60 பாகைக்குள். அமில வகை விரைவாக வெளுக்கும், ஆனால் நீலம் மீண்டும் வெள்ளை நூலில் ஒட்டிக்கொள்ளும், துணியின் வலுவும் அதிகம் குறையும். நடுநிலை வகை மெதுவானது, நயமானது. சிறிய கூடத்துக்கு நான் நடுநிலையையே சொல்வேன். அவசரத்தில் ஏற்படும் இழப்பைத் தாங்கும் முதல் உங்களைப் போன்றவரிடம் இருக்காது. பலர் செய்யும் பிழை, தண்ணீரை மட்டும் அளந்துவிட்டுத் துணியைப் போடுவது. இண்டிகோத் துணியில் சாயமேற்றிய காலத்துக் காரம் மிச்சமிருக்கும். துணி விழுந்த ஐந்து நிமிடத்தில் பிஎச் ஏறிவிடும். ஆகையால் துணி போட்டுச் சுழலவிட்ட பிறகு அளந்து, அசெட்டிக் அமிலத்தால் சரிசெய்து, அதன் பின்பே நொதியை ஊற்றுங்கள். நேற்று வெளுத்தது இன்று வெளுக்கவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மீதிப் பாதி, இயந்திரத்தை வாய்வரை நிரப்புவது. துணி விழுந்து எழ இடமில்லை என்றால் உரசல் இல்லை. உரசல் இல்லை என்றால் நொதி தளர்த்தியதை உதிர்க்க யாருமில்லை. சோப்பு சேர்ப்பதாக இருந்தால் அயனி இல்லாத வகையாகப் பாருங்கள், எதிரயனி வகை செல்லுலேஸை முடக்கக்கூடும். நேரம் 30 முதல் 60 நிமிடம்; அளவு விற்பவரின் தாளில் எழுதியிருப்பதே, ஏனென்றால் ஒவ்வொரு சரக்கின் வீரியமும் வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிறுத்துவது. ஜாவெல் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. நொதி தீராது, வெட்டிவிட்டு அடுத்த சங்கிலிக்குப் போகும். நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு ஜனவரி மாதம் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தது. பேருந்து வந்து ஹார்ன் அடிக்க, எல்லோரும் ஓடினோம். ஓர் இயந்திரத்தில் 80 கால்சட்டைகள் நொதி நீரிலேயே கிடந்தன. இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது அவை பார்வைக்கு வெண்ணெய் போல அழகாக இருந்தன; முழங்கால் பகுதியை இரு கையாலும் பிடித்து இழுத்தபோது நீளவாட்டில் பிளந்தது. மேலாளர் ஒன்றும் பேசவில்லை, அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. அன்றிலிருந்து என் பிரிவில் ஒரு விதி: மின்சாரம் போனாலும் புயல் வந்தாலும் முதலில் சோடா சாம்பல். நொதியை முடிக்க, சோடா சாம்பலால் பிஎச்சை 10க்கு மேல் ஏற்றுங்கள், அல்லது நீரை 80 பாகைக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

*கேள்வி: துவைத்த பிறகு பைத்துணியும் உள்பக்கமும் நீலமாகிவிடுகின்றன. (அதே வாசகர்)*

உதிர்ந்த நீலம் தண்ணீரில் மிதந்து வெள்ளை நூலின் மேல் மறுபடி உட்காருகிறது. தண்ணீர் குறைவாக வைத்தால் உரசல் கூடும், இந்தக் கறையும் கூடும். தண்ணீரைச் சற்று அதிகப்படுத்துங்கள், சாயத்தை நீரிலேயே தாங்கி நிறுத்தும் சிதறுபொருள் சிறிது சேருங்கள், நொதி வேலை முடிந்ததும் அந்த நீரைத் துணி மேல் ஆறவிடாமல் உடனே வடித்துவிடுங்கள். நடுநிலை வகைக்கு மாறினாலே பாதித் தொல்லை தீரும்.

*கேள்வி: நான் வேதியியல் படிக்கும் மாணவி. செல்லுலேஸ் இண்டிகோவைத் தொடுவதே இல்லை என்கிறீர்கள். இண்டிகோவையே உடைக்கும் நொதி இல்லையா? (ஒரு வாசகி, ரெதுயி)*

இருக்கிறது, தங்கையே. பெயர் லாக்கேஸ். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகள் சுரப்பது. நடுவில் தாமிர அயனிகள் கொண்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து இண்டிகோவை ஆக்சிஜனேற்றி, ஐசாட்டின் வழியாக நிறமற்ற சிறு துண்டுகளாக்கிவிட்டு, அந்த ஆக்சிஜனைத் தண்ணீராக மாற்றி விடுகிறது. ஆனால் இண்டிகோவை அதனால் தனியாக எட்டிப் பிடிக்க முடிவதில்லை. நடுவராக ஒரு சிறு மூலக்கூறு வேண்டும். லாக்கேஸ் அந்த நடுவரை ஆக்சிஜனேற்ற, நடுவர் போய் இண்டிகோவைத் தாக்குகிறார். 1990களிலேயே இது சலவைச் சந்தைக்கு வந்துவிட்டது.

இதன் அருமை, எதைத் தொடாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. செல்லுலோஸை அது வெட்டுவதில்லை, ஆகவே துணியின் வலு நிற்கிறது. ஜாவெலில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் நீலத்தோடு நிற்காமல் பருத்தியையும், நீளும் ஜீன்ஸில் உள்ள எலாஸ்டேன் இழையையும் சேர்த்தே தின்னும்; கழிவுநீரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களை விட்டுச் செல்லும்; பிறகு அதை அடக்கத் தனியாக ஒரு வேதிப்பொருள் வேண்டும். லாக்கேஸுக்கு இவை எதுவும் இல்லை. குறையும் சொல்ல வேண்டும்: அதனால் பளீரென்ற வெண்மை வராது, சற்றுச் சாம்பல் சாயலோடு நிற்கும். கந்தகச் சாயம் ஏற்றிய கறுப்பு ஜீன்ஸில் அது பெரும்பாலும் பயன்படாது, அங்கே செல்லுலேஸால் உரசி எடுப்பதே வழி. நேர்த்தியான ஆலைகள் முதலில் செல்லுலேஸால் தையலோரங்களில் ஏற்ற இறக்கத்தை வரவழைத்துவிட்டு, பிறகு லாக்கேஸால் மொத்த நிறத்தையும் ஒரு படி இறக்குகின்றன.

பெராக்சைடால் வெளுத்த துணிக்கு இன்னொரு நொதி உதவும். மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை கேட்டலேஸ் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுவதால், பெராக்சைடைப் போக்குவதற்காக அலசும் அலசல்களில் சிலவற்றை மிச்சப்படுத்தலாம்.

*கேள்வி: பழத்தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைத்து வீட்டிலேயே ‘இயற்கை என்சைம்’ செய்கிறேன். அதில் பேரனின் ஜீன்ஸை ஊறவைத்தால் வெளுக்குமா? (ஒரு பாட்டி, ரோஸ் ஹில்)*

வெளுக்காது, அம்மா. வெல்லத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்ததால் உங்கள் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் காடி. தரை துடைக்க, குழாயில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க அது நல்லது. பருத்தியை வெட்டும் அளவுக்குச் செல்லுலேஸ் அதில் சேராது; சேர்ந்திருந்தாலும் வாளியில் ஊறவைத்தால் உரசல் கிடையாது. பேரனுக்கு வெளிறிய ஜீன்ஸ்தான் வேண்டுமென்றால், ஒரு வருடம் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் காயவைக்கச் சொல்லுங்கள். இண்டிகோ வெயிலுக்கும் உரசலுக்கும் தானே இளகும். வெளுக்கக் கூடாது என்றால் உள்வெளியாகத் திருப்பி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள்.

*கேள்வி: என் தம்பி ஓர் ஆலையில் ஜீன்ஸின் தொடைப் பகுதியில் ஊதா நிற மருந்தைத் தெளிக்கிறான். அது நொதியா? ஆபத்தா? (ஒரு வாசகி, கொரோமண்டெல்)*

அது நொதி அல்ல, பொட்டாசியம் பெர்மாங்கனேட். தெளித்தவுடன் ஊதா, காய்ந்தால் பழுப்பு, மெட்டாபைசல்பைட் போன்ற பொருளால் நடுநிலையாக்கினால் வெள்ளை. ஓரிடத்தில் மட்டும் பளீரென்று வெளுக்க இன்றும் பல ஆலைகள் இதையே நாடுகின்றன. உங்கள் தம்பி வாயில் துணி கட்டிக்கொண்டு தெளிக்கிறார் என்றால் அது போதாது. தெளிப்பு நுண்துளிகளைத் தடுக்கும் சரியான முகக்கவசம், கண்ணாடி, கையுறை, தெளிக்கும் இடத்திலேயே காற்றையும் நீர்த்திரையையும் கொண்ட உறிஞ்சுக் கூண்டு ஆகிய நான்கும் வேண்டும்; கூண்டுதான் முதலில், மற்றவை அதற்குத் துணை. இல்லையென்றால் தயக்கமின்றிக் கேட்கச் சொல்லுங்கள். மணல் பீய்ச்சி வெளுத்த காலத்தில் துருக்கியில் இளம் தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து பலர் மாண்ட பிறகே, 2009இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது.

நொதியும் மூச்சுக்கு முழுப் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அது புரதம், தூளாகவோ நுண்துளியாகவோ சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும். அதனால்தான் நல்ல சரக்கு திரவமாகவோ பூசிய மணியாகவோ வருகிறது. பீப்பாயைக் கழுவ உயர் அழுத்தக் குழாயைப் பீய்ச்சுவது பல கூடங்களில் நான் பார்த்த கெட்ட பழக்கம்; நொதியைக் காற்றில் ஏற்றுவதற்கு அதைவிடச் சுலபமான வழியில்லை.

*கேள்வி: நொதிச் சலவை என்றாலே பசுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். அது சரியா? (ஒரு வாசகர், போர்ட் லூயி)*

கல்லையும் குளோரினையும் ஒப்பிட்டால் சரி. நொதி கொஞ்சமே வேண்டும், கொதிநீர் தேவையில்லை, கழிவில் தானே மக்கும், நுரைக்கல் சேறு இல்லை, இயந்திரத்தின் உட்சுவரும் தேயாது. ஆனால் ஒன்றை விளம்பரம் சொல்வதில்லை. கால்சட்டையை விட்டுப் போன நீலம் எங்கே போனது? தண்ணீருக்கு. கஞ்சி எங்கே போனது? அதுவும் தண்ணீருக்கு. அமிலேஸ் உடைத்த மாவு சர்க்கரையாகி ஓடையில் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று நீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஜவுளிக் கழிவில் கஞ்சி நீக்கும் நீர் மிகக் கனமான சுமைகளில் ஒன்று என்பது இந்தத் தொழிலில் யாவரும் அறிந்தது. நொதி எவ்வளவு மென்மையாக நீக்கினாலும் நீக்கப்பட்டது மறைந்துவிடாது. லாக்கேஸ் ஒன்றுதான் நிறத்தை உண்மையிலேயே உடைக்கிறது. செல்லுலேஸ் இடம் மாற்றுகிறது, அவ்வளவே.

ஆகவே ஓர் ஆலை பசுமையா என்று என்னைக் கேட்டால், எந்த நொதி வாங்குகிறீர்கள் என்று கேட்கமாட்டேன்; எத்தனை முறை அலசுகிறீர்கள், அலசிய நீர் எங்கே போகிறது என்று கேட்பேன். கஞ்சி நீக்கலையும் வெளுப்பையும் ஒரே நீரில் செய்யும் நொதிக் கலவைகள் இன்று கிடைக்கின்றன. அப்படிச் செய்தால் ஒரு தொட்டி நீரும் அதைச் சூடாக்கும் எரிபொருளும் மிச்சம். மார் ஓ வாக்குவா ஏரியின் கரை வறண்டு தெரியும் நவம்பர் மாதத்தில், வீட்டுக் குழாயில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் தீவில், அந்த ஒரு தொட்டி எனக்கு ‘பசுமை’ என்று அச்சடித்த அட்டையைவிடப் பெரிதாகப் படுகிறது. கழிவைச் சுத்திகரிக்காமல் கடற்கழிக்கு விடும் கூடம் நொதியைப் பயன்படுத்தினாலும் பவளப்பாறைக்கு ஒன்றும் நன்மையில்லை.

*கேள்வி: அட்டை இல்லாத ஜீன்ஸில் கல்லா நொதியா என்று கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (மீண்டும் கேத்ர் போர்ன் வாசகர்)*

உறுதியாக முடியாது, ஏனென்றால் பல ஆலைகள் கொஞ்சம் கல்லையும் கொஞ்சம் நொதியையும் சேர்த்தே போடுகின்றன. ஆனால் நான் இன்றும் செய்யும் ஒன்று உண்டு. சில்லறை போடும் சின்னப் பைக்குள் சுட்டுவிரலை விட்டு, தையல் மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நறநறவென்று சாம்பல் நிறத் துகள் வந்தால் கல் போயிருக்கிறது. பிறகு காலின் அடி மடிப்பைப் பாருங்கள்: கல் விளிம்பை ஒழுங்கின்றிக் கொத்தி நூலை அறுத்திருக்கும், நொதி விளிம்பு முழுவதும் ஒரே சீராக இளகி, தொட்டால் பஞ்சு போல மெதுவாக இருக்கும்.